தங்கம் பஸ்ஸில் ஏறினாளா?

ஜனவரி 28, ஞாயிறு

வெறும் வயிற்றில் 148.

டாக்டர் சொன்னதால் இன்றிலிருந்து எழுதுகிறேன். காலையில் சர்க்கரை எவ்வளவு, என்ன தின்றேன், மனசு எப்படி இருக்கிறது, மூன்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டுமாம். ஒரு மாதம் கழித்து வாங்கிப் பார்ப்பாராம். டைரி உரக்கடையில் சும்மா கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் யூரியா மூட்டை படம்.

காலை மூன்று இட்லி. மதியம் கொஞ்சம் சோறு, அவரைக்காய். மாலை சர்க்கரை இல்லாத டீ. வடை சாப்பிடவில்லை.

மனசு நன்றாக இருக்கிறது. ஞாயிறு அல்லவா.

டாக்டருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கோமதிநாயகம் ஆகிய நான், இயக்குநர் அமுதரசு ரசிகர் வட்டத்தின் செயலாளர். வட்டத்தில் மொத்தம் நாலு பேர். ஞாயிறு நாலு மணிக்கு மீரான் டீக்கடைப் பின்பக்கத்து பெஞ்சில் கூடுவோம். தலைவர் ஜெபமணி டீச்சர், கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். மீரானும் உறுப்பினர். பெஞ்சு அவனுடையது என்பதால் சேர்த்துக்கொண்டோம், மற்றபடி அவன் ரசனை கவலைக்கிடம். நாலாவது ஆள் டெய்லர் ஆவுடையப்பன். முப்பது வருஷமாக என் எதிரி. எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதரும் அவர்தான்.

இன்று மீரான் ‘வேங்கைக் கோட்டை, பாகம் ஒன்று’ பார்த்துவிட்டு வந்து குதித்தான். “இடைவேளைச் சண்டை ஒண்ணு போதும் அண்ணாச்சி! மத்ததெல்லாம் சும்மா வந்த மாதிரி.” டீச்சரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். கதாநாயகன் பதினாலு தடவை மெதுவாக நடக்கிறானாம். “நேரா நடந்திருந்தான்னா ரெண்டு பாகமும் இடைவேளைக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்டே” என்றார். ஒரு சண்டைக்காகப் படம் பார்க்கிறவனை நான் மனுசனாகவே மதிப்பதில்லை என்று மீரானிடம் சொன்னேன். அழுத்திச் சொன்னேன்.

பிறகு வழக்கம்போல ‘ஒன்பதாவது மைல்கல்’லுக்கு வந்து சேர்ந்தோம். 1994. அமுதரசுவின் இரண்டாவது படம். தங்கம் என்கிற பெண்ணைத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். காதலித்தவன் பம்பாய்க்குப் போய்விட்டான். அவள் ஒரு மஞ்சள் பையோடு வீட்டை விட்டு வந்து ஒன்பதாவது மைல்கல் பக்கத்தில் நிற்கிறாள். பஸ் வந்து நிற்கிறது. ஒரு காலைத் தூக்குகிறாள். திரை கறுத்துவிடுகிறது. படம் முடிந்தது.

ஏறினாளா, ஏறவில்லையா?

ஏறினாள் என்பது என் கட்சி. ஏறவில்லை என்பது ஆவுடையப்பன் கட்சி. மற்ற ஊர்களில் ஒரு வாரம் தாங்காத படம் எங்கள் பொன்வண்டு டாக்கீஸில் ஐம்பத்திரண்டு நாள் ஓடியது. அப்புறம் தயாரிப்பாளர் வழக்கில் மாட்டி டிவியிலும் வரவில்லை, கேசட்டிலும் வரவில்லை. வெளியூர்க்காரன் யாராவது முடிவை வேறு மாதிரிச் சொன்னால், “நீ வேற படத்தைச் சொல்லுதே” என்று அனுப்பிவிடுவோம். இந்த ஊரின் ரசனை அப்படி.

இன்றும் முடிவு எட்டவில்லை. ஆவுடையப்பன் எழுந்து போகும்போது வழக்கமான அந்தச் சீட்டியை அடித்துக்கொண்டே போனார். எந்தப் படத்து மெட்டு என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று. “சும்மா வாயில வந்ததுவே” என்பார்.

ஜனவரி 29, திங்கள்

151. நேற்று வடை சாப்பிட்டேன். ஒன்றுதான்.

ஜனவரி 31, புதன்

காலையில் 146. சாயங்காலம் சும்மா பார்த்ததில் 212.

பதினொரு மணிக்கு ஆவுடையப்பன் கழுத்தில் இஞ்ச் டேப்போடு கடைக்கு ஓடிவந்தார். கையில் பேப்பர். ‘ஒன்பதாவது மைல்கல்’ வழக்கு தீர்ந்துவிட்டதாம். நெகட்டிவைத் தேடி எடுத்துச் சுத்தம் செய்து புதுப்படம் மாதிரி ஆக்கியிருக்கிறார்களாம். பிப்ரவரி 23 முதல் திருநெல்வேலியில் ஓடுகிறது.

“முழுசாவே வே! ஒரு காட்சி விடாம!” என்றார்.

எனக்கும் சந்தோஷம்தான். ஒருவருடைய ஆதார் அட்டையை நாற்பது காப்பி எடுத்துவிட்டேன். அவர் கேட்டது நாலு.

பிப்ரவரி 1, வியாழன்

168. செண்பகவல்லி கேட்டாள்: “என்னங்க, ரெண்டு நாளா ஏன் இந்த முழி முழிக்கிய?”

மனைவியிடம் ஒன்றுமில்லை என்றேன். டாக்டரிடமும் ஒன்றுமில்லை என்றே சொல்கிறேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

174. வடை இரண்டு. கவலையில் தின்றது கணக்கில் வராது.

வட்டம் கூடியது. 25ஆம் தேதி ஞாயிறு எல்லோரும் ஒரே வேனில் திருநெல்வேலி போவது என்று தீர்மானம். நான் எழுந்து, நல்ல படத்தை மறுபடி பார்க்கவே கூடாது, மனசில் இருக்கிற படம்தான் படம், புதுச்சாயம் பூசினால் பழைய அழகு கெட்டுவிடும் என்று கால் மணி நேரம் பேசினேன். எனக்கே கண் கலங்கியது.

டீச்சர் ஓட்டுக்கு விட்டார். மூன்றுக்கு ஒன்று. ஓட்டு எண்ணி முடித்ததும் ஆவுடையப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “உமக்குப் பயமா இருக்கோ? அவ ஏறலைன்னு தெரிஞ்சு போயிரும்னு?” என்றார்.

எனக்கு என்ன பயம்? 94இல் பொன்வண்டு டாக்கீஸில் வேலை பார்த்தவன் நான். புளியங்குடியில் ஓடி முடிந்த படப்பெட்டியை மொபெட்டில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்ததே நான்தான். வழியில் ஒரு சின்ன வேலை இருந்தது, அதை முடித்துவிட்டுக் கொண்டுவந்து சேர்த்தேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 8, வியாழன்

177. பாகற்காய்ச் சாறு. ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கியது. மெஷினுக்கும் கவலை போல.

பிப்ரவரி 11, ஞாயிறு

181.

அமுதரசுவின் புதுப்படம் ‘ஈரத்துண்டு’ பற்றிப் பேச்சு. கதாநாயகன் இடைவேளை வரை வாயைத் திறப்பதில்லை. அதுதான் கலை என்றேன். “இடைவேளைக்கு அப்புறம் எதுக்குத் திறந்தான்னுதான் எனக்குத் தெரியலை” என்றார் ஆவுடையப்பன். நாலு ஸ்டார், அஞ்சு ஸ்டார் என்று போட்டிருக்கிறார்களே என்றான் மீரான். “ஸ்டார் போடுறவன் பேப்பர் திருத்தலாமா?” என்று டீச்சர் அவனை அதட்டினார். வேறு நாளாக இருந்தால் எனக்கு இதெல்லாம் தேன். இன்று காதில் ஏறவில்லை.

வேன் சொல்லியாகிவிட்டது. ஆவுடையப்பன் நாலு பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைக்கிறார். என்னை அளவெடுக்கும்போது, “இடுப்பு ஒரு இஞ்சி குறைஞ்சுட்டே வே, சாப்பிடுதீரா இல்லையா?” என்றார்.

பிப்ரவரி 14, புதன்

டாக்டர் அவர்களுக்கு: இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டாம்.

190. தூக்கம் இல்லை. ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

படப்பெட்டியில் அடங்காத கடைசி ரீல் டப்பாவைத் தனியாகக் கயிறு போட்டு மொபெட் கேரியரில் கட்டியிருந்தேன். வழியில் ஒரு கிராமத்தில் டூரிங் டாக்கீஸ். உள்ளே என்ன படம் என்று சத்தத்திலேயே தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் ஐஸ் பேக்டரிச் சண்டை வரும். ஏற்கெனவே ஆறு தடவை பார்த்த சண்டை. அது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

நல்ல சண்டை. வெளியே வந்தேன். கயிறு இருந்தது. டப்பா இல்லை.

முன்னாலேயே எங்காவது விழுந்ததோ, யாரும் எடுத்துக்கொண்டு போனார்களோ, இன்றுவரை தெரியாது. புளியங்குடி ரோட்டில் மூன்று நடை போய்த் தேடினேன். ஆபரேட்டர் காசி, “கடைசி ரீல் எங்கலே?” என்று கேட்டபோது, “அவனுவ தந்தது இவ்வளவுதான்” என்றேன். மறுநாள் முதல் காட்சி. தங்கம் காலைத் தூக்கினாள், ரீல் தீர்ந்தது, திரை கறுத்தது. காசி அவசரமாக ‘வணக்கம்’ சிலைடைப் போட்டார். கொட்டகையே திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தது. இன்னும் ஒரு நிமிஷத்தில் சேரைப் பிய்க்கப் போகிறார்கள், முதலாளி என் தோலை உரிக்கப் போகிறார்.

நான் எழுந்து நின்று கை தட்டினேன். “அடேயப்பா! இதுல்லாவே முடிவு!” என்று கத்தினேன்.

பக்கத்தில் ஒருவர் தட்டினார். அப்புறம் பத்துப் பேர். அப்புறம் கொட்டகையே.

முதலாளிக்கும் சந்தோஷம். படம் சீக்கிரமே முடிந்ததால், ராத்திரிக் காட்சி பார்த்த ஜனங்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது. படம் ஐம்பத்திரண்டு நாள். பெட்டி திரும்பப் போனபோது யாரும் டப்பாவை எண்ணவில்லை. அந்த முதல் காட்சியின் மறுநாள் டீக்கடையில் ஆவுடையப்பனைப் பார்த்து, “அவ ஏறினாளா, ஏறலையா? நீரு என்ன நினைக்கீரு?” என்று கேட்டு வைத்தேன். அன்று ஆரம்பித்ததுதான்.

அவள் ஏறினாளா என்று எனக்குமே தெரியாது. முப்பது வருஷமாகப் பாதிப் படத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். இது தெரிந்தால் டீச்சர் சிரிப்பார், மீரான் ஊரெல்லாம் சொல்லுவான். அதெல்லாம் போகட்டும். ஆவுடையப்பன் முப்பது வருஷம் என்னோடு மல்லுக்கட்டியது ஒரு சண்டைப் பைத்தியத்தின் கவனக்குறைவால் என்று தெரிந்தால் அப்புறம் எந்த முகத்தோடு அந்த பெஞ்சில் உட்காருவேன்? ஞாயிற்றுக்கிழமை நாலு மணி போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

பிப்ரவரி 19, திங்கள்

183.

முந்திக்கொண்டு சொல்லிவிடலாம் என்று டெய்லர் கடைக்குப் போனேன். ஆவுடையப்பன் துணி வெட்டிக்கொண்டிருந்தார், வாயில் அதே சீட்டி. “அந்தப் படத்தைப் பத்தி உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன். கத்தரிக்கோல் நின்றது.

“எதுவா இருந்தாலும் படத்தைப் பாத்துட்டுச் சொல்லும்” என்றார். மறுபடி வெட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு மனுசன் உண்மையைச் சொல்ல வந்தால்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

பிப்ரவரி 24, சனி

வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன். செண்பகவல்லி ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டு, “நாளைக்கு வேன்ல ஜன்னல் பக்கம் உக்காருங்க” என்றாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

சர்க்கரை பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

நாலு பேரும் இங்க் நீலச் சட்டை. பேண்ட் வாத்தியக்காரர்கள் என்று நினைத்து வாசலில் ஒருவர் கல்யாணத் தேதி சொல்லி விலை கேட்டார்.

படம் ஆரம்பித்தது. எத்தனை அழகு! மைல்கல்லில் எறும்பு ஊர்வதுகூடத் தெரிந்தது. இடைவேளையில் டீச்சர் அழுதார். மீரானே போனை எடுக்கவில்லை. நான் மட்டும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

பஸ் வந்து நின்றது. தங்கம் காலைத் தூக்கினாள். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன். பக்கத்தில் டீச்சர் கை தட்டத் தயாராக இரண்டு கையையும் உயர்த்தியது தெரிந்தது.

திரை கறுக்கவில்லை. பஸ்ஸின் படியில் கால் வைக்கிற சத்தம் கேட்டது.

ஏறினாள். ஏறிவிட்டாள்! டப்பாவை மறந்தேன், பயத்தை மறந்தேன், “பாத்தீரா வே!” என்று ஆவுடையப்பன் தோளில் ஓங்கி அடித்தேன். முப்பது வருஷம், நான் சொன்னது சரி!

அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம். பஸ்ஸின் கண்டக்டர் காமெடி நடிகர். விசிலைத் தொலைத்துவிட்டு வாயாலேயே ஒரு மெட்டைச் சீட்டி அடித்து வண்டியைக் கிளப்புகிறார். டிரைவர் திரும்பித் தொப்பியைக் கழற்றுகிறார். பார்த்தால் பம்பாய்க்குப் போன காதலன்! அடுத்த நிமிஷம் குற்றால அருவி, இருபது பெண்கள், ஒரே நிறப் பாவாடை. அப்புறம் தாலி, தாய்மாமன் திருந்தி அட்சதை போடுகிறார். பதினாலு நிமிஷம். சுபம்.

விளக்கு போட்டார்கள். டீச்சரின் இரண்டு கையும் இன்னும் மேலேயே இருந்தன.

“பம்பாய்க்குப் போனவன் எப்பம்டே பஸ் லைசென்சு எடுத்தான்?” என்றார்.

வேனில் ஏறி உட்கார்ந்தோம். மீரான் மட்டும், “அருவிப் பாட்டு நல்லாத்தானே இருந்துச்சு” என்றான். அவனைப் பின் சீட்டுக்கு அனுப்பினோம். எனக்கோ ஒரே ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. கண்டக்டரின் அந்தச் சீட்டி. அதை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

எங்கே என்று எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

பிப்ரவரி 26, திங்கள்

179.

காலையிலேயே டீச்சர் கடைக்கு வந்துவிட்டார். அந்தப் பதினாலு நிமிஷமும் இப்போது புதிதாக எடுத்து ஒட்டியது என்கிறார். கம்ப்யூட்டரில் முகத்தையே மாற்றுகிற காலம் இது, இளமையாக்குவதா பெரிய விஷயம் என்கிறார். இயக்குநர் அமுதரசுவுக்குக் கண்டனக் கடிதம் எழுத வேண்டுமாம். செயலாளர் நான்தான் எழுத வேண்டுமாம்.

எழுதினேன். ‘எங்கள் ஊர் மக்கள் உயிராக நினைக்கும் முடிவைச் சிதைத்த கயவர்கள் யார் என்று கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டும்.’ கீழே நானே கையெழுத்தும் போட்டேன். பிறகு வந்த ஆவுடையப்பன் அவர் பங்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் போனார்.

பிப்ரவரி 28, புதன்

கடையை மதியமே பூட்டிவிட்டு டெய்லர் கடைக்குப் போனேன். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, டூரிங் டாக்கீஸ், ஐஸ் பேக்டரி, கைதட்டல். ஆவுடையப்பன் ஒரு காஜாவை முடித்து நூலைப் பல்லால் கடித்தார்.

“ஐஸ் பேக்டரிச் சண்டையா? அது நல்ல சண்டைதான்வே” என்றார்.

“உமக்குத் தெரியும். அந்தச் சீட்டி உமக்கு எப்படித் தெரியும்?”

“மதுரையில கட்டிங் படிச்சிட்டு இருந்தேம்லா. படம் வந்த முதல் நாளே அங்க முழுசாப் பாத்துட்டேன். ஊருக்கு வந்து பொன்வண்டுல ரெண்டாவது தடவை பாக்கேன், பாதியில நிக்கி. திரும்பிப் பாத்தா நீரு எந்திரிச்சு நிக்கீரு. உம்ம கை தட்டுது, கால் வெடவெடன்னு நடுங்குது. சரி, என்னமோ பண்ணிட்டான் பாவின்னு நினைச்சேன்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?”

“மறுநாள் சொல்லணும்னுதான் டீக்கடைக்கு வந்தேன். நீரு முந்திக்கிட்டு, நீரு என்ன நினைக்கீருன்னு கேட்டீரு.” துணியை மடித்தார். “என்கிட்ட எல்லாரும் எப்பம் தைச்சுத் தருவேன்னுதான் கேப்பாவ. நான் என்ன நினைக்கேன்னு அதுவரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்லை. அவ ஏறிட்டான்னு சொல்லியிருந்தா பேச்சு அங்கயே முடிஞ்சிருக்கும். நீரு ஏறினான்னீரு. அதான் நான் ஏறலைன்னேன்.”

முப்பது வருஷமா, என்றேன்.

“பேசப் பேச எனக்கும் அவ ஏறியிருக்க வேண்டாம்னு தோணிட்டு வே” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. காஜா எடுக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர் ஒரு வெட்டுத்துணியை எடுத்துக் கொடுத்தார். இங்க் நீலம்.

மார்ச் 3, ஞாயிறு

131. டாக்டர் டைரியைப் பார்த்தால் இந்த எண்ணை மட்டும் பார்க்கவும்.

இன்று வட்டத்தில் எழுந்து நின்றேன். டீச்சரிடமும் மீரானிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு போயிருந்தேன். சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. கடைசி ரீலைத் தொலைத்தது நான், அந்தப் பதினாலு நிமிஷமும் அசல், அமுதரசு எடுத்ததே அப்படித்தான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

“கோமதி தம்பி, உம்ம நல்ல மனசு எனக்குத் தெரியும். பெரிய இயக்குநர் மானம் போகக்கூடாதுன்னு பழியைத் தூக்கி உம்ம தலையில போட்டுக்கிடுதீரு. ஆனா கேக்கிறவங்க நம்புற மாதிரிச் சொல்லணும்லா. ஒரு சண்டைக்காக ரீலைத் தொலைச்சேன்னா யாரு நம்புவா? அதுவும் நீரு?”

“அதானே! ஒரு சண்டைக்காகப் படம் பாக்கிறவன் மனுசனே இல்லைன்னு என்னைத் திட்டுனவுகள்லா அண்ணாச்சி?” என்றான் மீரான்.

சத்தியம் பண்ணினேன். நம்பவில்லை. செண்பகவல்லி மேல் ஆணையிட்டேன். “அவளை எதுக்குவே இழுக்கீரு” என்று டீச்சர் கோபப்பட்டார். வேறு வழி இல்லாமல் ஆவுடையப்பனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். மதுரையில் முழுப் படத்தையும் முதல் நாளே பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

“நீரே சொல்லும் வே. தங்கம் பஸ்ஸுல ஏறினாளா, இல்லையா?”

ஆவுடையப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்தார். என்னைப் பார்த்தார்.

“ஏறலை வே” என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காக முப்பது வருஷம் அவரை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். இன்று அதைக் கேட்டதும் எழுந்து கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. பிடிக்கவில்லை. பெஞ்சில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, “ஏறினா! அவ ஏறினா வே!” என்று கத்தினேன்.

“ஒத்தைக் காலைத் தூக்கினா ஏறினதாயிருமா?”

“பின்ன எதுக்கு வே தூக்கினா, செருப்பு மாட்டவா?”

இருட்டும் வரை பேசினோம். மீரான் இரண்டு தடவை டீ போட்டான். போகும்போது ஆவுடையப்பன் சீட்டி அடித்தார். நானும் சேர்ந்து அடித்தேன், எனக்குச் சரியாக வரவில்லை.

வடை மூன்று.